ஒரே பாட்டில் இரண்டு பேஸ்

பேஸ் (தாழ்ந்த சுருதி நரம்பு வாத்தியம்) வாசித்த ஆங்கிலேயக் கலைஞர் ஹெர்பி ஃப்ளவர்ஸ் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. ஆனால் அவர் பிழைப்பே ஸ்டூடியோவில் பிறர் பாட்டுகளுக்கு வாசித்ததுதான்; அதை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். அமெரிக்க ராக் பாடகர் லூ ரீடின் 'வாக் ஆன் தி வைல்ட் சைட்' (1972) ஆரம்பத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். அடியில் கனமாக வழுக்குவது டபுள் பேஸ், அதாவது நிற்க வைத்து வாசிக்கும் பெரிய வயலின் போன்ற வாத்தியம். அதன்மேல் தனி ட்ராக்கில் எலெக்ட்ரிக் பேஸ். இரண்டையும் வாசித்தவர் ஃப்ளவர்ஸ்தான். இரண்டு வாத்தியம் வாசித்தால் இரண்டு சம்பளம், அதற்குத்தான் என்று அவரே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். பாட்டின் உரிமையில் பங்கு கிடையாது, வாசித்த கூலி மட்டுமே. அப்புறம், பிரிட்டிஷ் விமானப்படை பேண்டில் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை ஊதியவர் அல்லவா, இந்தப் பாட்டு வந்த அதே ஆல்பத்தில் டியூபாவும் அவர் கைவரிசைதான். 'குட்நைட் லேடீஸ்' கேட்டால் தெரியும்.