ஆமாம், என் மகன் அரிசி அளக்கிறான்

நேற்று அந்தப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், ஸ்கிரீன்ஷாட்டை எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன், கை நடுங்கியது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மகன் அரிசி அளக்கிற படம் ஒன்று போட்டேன். அவ்வளவுதான். "லீவுல ஒர்க்‌ஷீட் முடிக்க வைக்காம ஆம்பளப் பிள்ளைய அடுப்படியில விட்டிருக்கீங்களே" என்று ஒருவர் எழுத, அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் 11 பேர்.

அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று ஒருவராவது கேட்டீர்களா? எங்கள் வீட்டில் பாட்டி காலத்து ஆழாக்கு, உழக்கு, உரி, படி நாலும் இருக்கின்றன. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. இதை நான் சொல்லித்தரவில்லை, அவனே கொட்டிக் கொட்டிப் பார்த்தான். படிக்கு எட்டு ஆழாக்கு என்று வந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ஆழாக்குன்னா எட்டுல ஒண்ணாம்மா?" என்று கேட்டான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. போன மாதம் இதே எட்டில் ஒன்றுக்கு வட்டத்தில் வண்ணம் அடிக்கச் சொன்ன ஒர்க்‌ஷீட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதவன் அவன்தான். பிறகு இட்லிக்கு நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து போட்டோம். பாதி மாவு போதும் என்றால் எவ்வளவு என்று கேட்டேன், "ரெண்டுக்கு அரை" என்றான். இது படிப்பு இல்லையா?

நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் தொடங்கிய முதல் பள்ளியிலேயே கை கழுவுவதும் பெருக்குவதும் தூசி தட்டுவதும் பாடமாக இருந்தன. அந்த அம்மா 1939-ல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் பெயரைப் போர்டில் எழுதி வைத்த இடத்தில் ஃபீஸ் கட்டிக் குவளையில் தண்ணீர் ஊற்றினால் அது கல்வி, என் பிள்ளை என் வீட்டில் அரிசி அளந்தால் அது வேலை வாங்குவது. எப்படி?

"வேலைக்குப் போற எங்களுக்கு நேரம் எங்கே" என்பீர்கள். நானும் வேலைக்குத்தான் போகிறேன். தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவே இல்லை, எப்படியும் மாவுக்கு ஊறப்போடத்தானே போகிறோம், பக்கத்தில் பிள்ளை நிற்கட்டும் என்கிறேன்.

பெண் பிள்ளையாக இருந்தால் இதே படத்தைப் போட்டிருப்பீர்களா என்று ஒரு தோழி தனியாகக் கேட்டார். அது நியாயமான கேள்வி, எனக்கும் உறுத்துகிறது. பெண் பிள்ளை அடுப்படியில் நின்றால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள், பொறுப்பான பிள்ளை என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் அதற்காக அளவுப் படியை ஒளித்து வைக்கவா முடியும்?

அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார், எட்டாம் வகுப்பு தாண்டாதவர். பள்ளி விட்டு வந்ததும் நான் கடையில்தான் இருப்பேன். பொட்டலம் மடிப்பதற்கு முன்னால் அந்தப் பழைய பேப்பரைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். செய்தி பாதியில் கிழிந்திருந்தால், மீதி என்னவா இருக்கும் சொல்லு என்பார். நான் சொல்கிற கதையைச் சரக்கு வாங்க வந்தவர்களும் நின்று கேட்பார்கள். கடன் நோட்டில் யார் யார் எவ்வளவு பாக்கி என்று கூட்டிச் சொல்வதும் என் வேலை. ஒரு ரூபாய் பிசகினாலும் திட்ட மாட்டார், "திரும்பப் பாரு தாயி" என்பார். இன்று நான் கணக்குப் பார்க்கிற வேலையில் இருப்பது அந்த நோட்டால்தான். அடுப்படியிலும் கடையிலும் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும் என்று நீங்கள் சிரித்தபோது, போய்ச் சேர்ந்துவிட்ட என் அப்பாவைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. அது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இருந்தாலும் வலித்தது.

இன்று காலை ஆழாக்கைக் காணவில்லை. வீடெல்லாம் தேடினால், அவன் ஸ்கூல் பையில் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறான். திங்கட்கிழமை மிஸ்ஸிடம் காட்ட வேண்டுமாம். நான் அதை எடுக்கவில்லை.