எந்தக் குழாய் மக்கர் செய்தாலும் ஒரே மருந்து: பிரஷர் பம்ப்!

குளியலறையில் தண்ணீர் நூலாக வருகிறது. அதே நேரம் சமையலறையில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. இரண்டுக்கும் ஒரே டேங்க், ஒரே தளம். இதைக் கண்ணால் பார்த்த பிறகும் ஒரு பிளம்பர், "பிரஷர் பத்தல சார், ஒரு பம்ப் போட்டுடுங்க" என்கிறார். பத்தவில்லை என்றால் சமையலறைக்கு மட்டும் எங்கிருந்து வந்ததாம்?

அடுத்து வந்தவரும் இதே பாட்டுதான். பையைத் திறக்கவில்லை. ஷவரைக் கழற்றவில்லை. குழாய் நுனியில் இருக்கிற வலையில் மணல் அடைத்திருக்கிறதா, மரையில் சுற்றும் டெஃப்லான் டேப் துணுக்கு மாட்டியிருக்கிறதா என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாடி பிடிக்காமலே ஊசியை எடுக்கிற வைத்தியம் இது.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் கொடுப்பது உயரம் மட்டும்தான். 10 மீட்டர் உயரத்துக்குக் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம். ஷவருக்கு மேலே 3 மீட்டரில் நீர்மட்டம் இருந்தால் கிடைப்பது வெறும் 0.3 பார். மற்ற குழாய்களையும் மூடிவிட்டு, அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டிப் பார்த்தால் இந்த அளவு காட்ட வேண்டும். அப்போதே முள் குறைவாக நின்றால் உயரம் போதவில்லை, சரி, பம்ப் பற்றிப் பேசலாம். மூடியிருக்கும்போது சரியாக நின்ற முள், குழாயைத் திறந்ததும் படுத்துவிட்டால் பைப்பில் எங்கோ அடைப்பு, அல்லது பைப்பே குறுகல். இரண்டு நிமிட வேலை. ஆனால் 10 பார் வரை அளக்கும் பெரிய கேஜில் 0.3 கண்ணுக்கே தெரியாது, சிறிய அளவு காட்டும் கேஜ் வேண்டும். அடைப்பு இருக்கும் பைப்பில் பம்பை வைத்துத் தள்ளினால் அடைப்பு எங்கே போகும்? அங்கேயேதான் இருக்கும். பலவீனமான ஜாயிண்ட் கசிய ஆரம்பிப்பதுதான் மிச்சம்.

எனக்கு உண்மையில் வயிறு எரிவது, "எப்போதிலிருந்து இப்படி?" என்று ஒருவரும் கேட்காததுதான். பாதி பதில் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால் பழைய இரும்புப் பைப்புக்குள் துரு ஏறியிருக்கலாம், உப்பு படிந்திருக்கலாம். டேங்க் கழுவிய மறுநாளே ஆரம்பித்திருந்தால் கிளம்பி வந்த சேறு எங்கோ உட்கார்ந்திருக்கிறது. இல்லாவிட்டால், கழுவுவதற்காக மூடித் திறந்த கேட் வால்வைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று பாதி வழியில் தொங்கும். வெளியே கைப்பிடி மட்டும் சமர்த்தாகச் சுற்றும். "வால்வெல்லாம் ஃபுல்லா திறந்துதான் சார் இருக்கு." ஆமாம், கைப்பிடி திறந்திருக்கிறது!

வெந்நீர் மட்டும் இழுத்து இழுத்து வந்தால்? அதற்கும் பம்ப்! குளிர்நீர் நன்றாக வருகிறபோது கீசர் பக்கம்தானே பார்க்க வேண்டும்? அதன் வாயிலில் இருக்கும் ஒருவழி வால்வ் சிக்கியிருக்கலாம். பைப் ஒரு இடத்தில் ஏறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று மாட்டிக்கொள்ளும். துப்பித் துப்பி வருவது பெரும்பாலும் காற்றின் வேலை. அப்புறம் இன்னொரு கூத்து, குளிர்நீர்க் குழாயில் வெதுவெதுவென்று வருவது. கீசருக்குப் போகும் தண்ணீரை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். பைப்பில் மிச்சமிருப்பது வடிந்ததும் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால், வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் ஏதோ ஒரு மிக்சர் குழாய்க்குள் இரண்டு பக்கமும் கலக்கின்றன. மிக்சரைத் திறந்தே வைத்துவிட்டு, கைஷவரின் விசையை மட்டும் மூடிவைக்கும் வீடுகளில் இது சகஜம்.

காற்று உள்ளே போக வழியே இல்லாமல் டேங்க் மூடியை இறுக்கிவிட்டாலும் தண்ணீர் திணறும். மூடியைத் தளர்த்தினால் சரியாகிவிடும். இதற்கு ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம்.

பிளம்பரையே திட்டிக்கொண்டிருப்பதும் நியாயமில்லை. டேங்கிலிருந்து வீடு முழுக்க ஒரே அரை அங்குல பைப்பை இழுத்தார்களே, அந்த மகானுபாவர்களை என்ன செய்வது? விட்டத்தைப் பாதியாக்கினால் வருகிற தண்ணீர் பாதியாவதில்லை, ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஒருவர் ஃபிளஷ் செய்தால் இன்னொருவருக்கு ஷவர் நின்றுபோவது இதனால்தான். போதாக்குறைக்கு வால்வை டைலுக்குப் பின்னால் வைத்துப் பூசிவிட்டார்கள். வரைபடம் கிடையாது. டைல் ஒட்டும் முன் அந்தச் சுவரை ஒரு போட்டோ எடுத்து வைக்க எவ்வளவு நேரமாகும்? இப்போது எந்த டைலை உடைப்பது என்று வீட்டில் தினமும் வாக்கெடுப்பு நடக்கிறது.