2016 லே மான்: டொயோட்டாவை வீழ்த்தியது பேட்டரி அல்ல

பிரான்சில் நடந்த 2016 லே மான் 24 மணிநேரக் கார் பந்தயத்தில், ஹைப்ரிட் (எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த) அமைப்பின் பேட்டரி செயலிழந்ததால் 5ஆம் எண் டொயோட்டா டிஎஸ்050 கார் வெற்றியை இழந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த ஆண்டுதான் டொயோட்டா, மின்சாரத்தைச் சேமிக்கும் சூப்பர் கெப்பாசிட்டரை விட்டு லித்தியம் அயன் பேட்டரிக்கு மாறியது. சந்தேகம் எழுவது இயல்புதான். ஆனால் காரணம் அதுவல்ல.

2.4 லிட்டர் வி6 எஞ்சினில் டர்போசார்ஜரையும் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) இன்டர்கூலரையும் (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் கருவி) இணைக்கும் காற்றுக் குழாயில் கோளாறு. டர்போ கட்டுப்பாடு போனதும் எஞ்சினின் சக்தி விழுந்தது. ஓட்டுநர் நகாஜிமா ஓட்டிய கார், பந்தயம் முடிய சுமார் 3 நிமிடம் இருக்கையில் தொடக்கக் கோட்டருகே நின்றது. எஞ்சின் கட்டுப்பாட்டு அமைப்புகளை மாற்றி மறுபடி நகர்த்தினார்கள். கடைசிச் சுற்றுக்கு 11 நிமிடத்துக்கு மேல் ஆனது. விதிப்படி அந்தச் சுற்றை 6 நிமிடத்துக்குள் முடித்திருக்க வேண்டும். அவ்வளவு அருமையாக ஓடிய காருக்குத் தரவரிசையில் இடமே கிடைக்கவில்லை.

சரிபார்ப்பது எளிது. பந்தயத்துக்குப் பின் டொயோட்டா வெளியிட்ட தொழில்நுட்ப விளக்கத்தைப் படியுங்கள். அந்த இணைப்புக் குழாய் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கும். அதிகாரபூர்வ முடிவுப் பட்டியலில், வென்ற 2ஆம் எண் போர்ஷே 919, 5ஆம் எண் டொயோட்டா இரண்டுக்கும் 384 சுற்றுகள் இருப்பதையும் பார்க்கலாம்.