அந்தச் சான்றிதழை வாசலில் மாட்டுங்கள்

"தீயணைப்புத் துறையின் சான்று இருக்கிறதா?" ஒரு கல்யாண மண்டபத்திலோ, டியூஷன் சென்டரிலோ, மகளிர் விடுதியிலோ இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "எல்லாம் இருக்கிறது சார், முதலில் அட்வான்ஸ் கட்டுங்கள்" என்பார்கள். காட்டச் சொன்னால் முதலாளி வெளியூர் போயிருப்பார்; ஃபைல் ஆடிட்டரிடம் இருக்கும். என் மகளை ஒரு நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையத்தில் சேர்க்கப் போனபோது எனக்கும் இதே பதில்தான் கிடைத்தது.

மூன்றாவது மாடியில் வகுப்பு. கீழ்த்தளங்களில் கடைகள். ஏறவும் இறங்கவும் ஒரே படி. எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் படியின் அடியில் மின்சார மீட்டர் பெட்டிகள். அவற்றை ஒட்டித் துணிக்கடைக்காரரின் அட்டைப்பெட்டிகள், உத்தரம் தொடுகிற உயரத்துக்கு. பின்பக்கம் இன்னொரு படி இருக்கிறது. அதன் இரும்புக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். "திறந்து வைத்தால் பிள்ளைகள் வகுப்பை விட்டு ஓடிவிடுகிறார்கள்" என்று ஒரு பெண் விளக்கம் சொன்னார். ஓட வேண்டிய நேரத்தில் ஓடுவதற்காகக் கட்டியதுதானே அம்மா அந்தப் படி! இதைச் சொன்னதும் மேலாளர் வந்து, மற்ற பெற்றோர் யாரும் இப்படியெல்லாம் கேட்பதில்லை என்றார். தகராறு செய்ய வந்தவனைப் போல என்னை வெளியே அனுப்பினார்கள். நானும் மகளை அங்கே சேர்க்கவில்லை. ஆனால் அந்த அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் மற்ற பிள்ளைகள்?

எந்தக் கட்டடத்துக்குத் தீப் பாதுகாப்பு விதிகள் பொருந்தும் என்பது மறைபொருள் ஒன்றும் இல்லை. தேசியக் கட்டட நெறி 2016-இன் நான்காம் பகுதி அதைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது. 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள கட்டடங்கள் அனைத்தும் அதில் அடக்கம். உயரம் குறைவாக இருந்தாலும், ஏதேனும் ஒரு தளத்தின் பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ஹோட்டல், பள்ளி, மருத்துவமனை, அலுவலகம், கடை, தொழிற்சாலை, கிடங்கு எல்லாம் அடக்கம். பள்ளிகளும் மருத்துவமனைகளும் 9 மீட்டர் உயரம் தொட்டாலே போதும். திரையரங்கு, கல்யாண மண்டபம் போல மக்கள் கூடும் கட்டடம் என்றால் அளவே பார்ப்பதில்லை, எல்லாமே அடக்கம். தரைக்குக் கீழே இரண்டு அடித்தளம் இருந்தாலும், ஒரே அடித்தளம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலும் அப்படியே. 9 மீட்டர் என்பது ஏறக்குறைய மூன்று மாடி. பேருந்து நிலையத்தைச் சுற்றி அந்த உயரத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை மருத்துவமனைகள் இருக்கின்றன என்று அவரவர் ஊரிலேயே அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த நெறி வழிகாட்டி மட்டுமே. அதைச் சட்டமாக்க வேண்டியது மாநிலம். தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 என்ன செய்தன? உயர்மாடிக் கட்டடம் என்ற எல்லைக்கோட்டை 18.30 மீட்டரில் கொண்டுபோய் வைத்தன. 15-க்கும் 18.30-க்கும் இடையே ஒரு முழு மாடி இருக்கிறது. அந்த மாடியில் குடியிருப்பவர்களின் நுரையீரல் வேறு மாதிரிப் படைக்கப்பட்டதா? கோட்டுக்குச் சற்றுக் கீழே வரைபடத்தை நிறுத்திவிட்டு, அனுமதி கைக்கு வந்த பிறகு மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு அதையும் வாடகைக்கு விடுகிறார்கள். தெருவில் போகிற எல்லோர் கண்ணுக்கும் அந்தக் கொட்டகை தெரிகிறது. பார்க்க வேண்டியவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரிவதில்லை.

சட்டம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1985-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் இருக்கிறது. அதற்கும் முன்பே, 1965-இல், பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் வந்துவிட்டது; வட்டாட்சியர் தரும் 'படிவம் டி' உரிமம் அதன்படிதான். மகளிர், குழந்தைகள் விடுதிகளுக்கென்று 2014-இல் தனிச் சட்டம் போட்டார்கள். திரையரங்குக்குத் தனிச் சட்டம், மருத்துவமனைக்குத் தனிச் சட்டம். பள்ளிக்கு நான்கு சான்று: கட்டட உரிமம், கட்டட உறுதி, சுகாதாரம், தீயணைப்பு. பள்ளித் தாளாளர் எவரைக் கேட்டாலும் தூக்கத்தில் எழுப்பினாலும் இந்த நான்கையும் சொல்வார். அப்படியானால் பள்ளிப் பிள்ளைகளே மாலையில் போய் உட்காரும் டியூஷன் சென்டருக்கு இந்த நான்கையும் கேட்பது யார்? காலையில் பாதுகாப்புத் தேவைப்படும் அதே குழந்தைக்கு மாலை ஆறு மணிக்கு அது தேவையில்லையா?

இந்த விதிகளைப் புறக்கணித்ததன் பின்னால் பிணங்கள் இருக்கின்றன. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி: சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகையோடு எரிந்தார்கள். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம்: கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காவிரிக் கரையில் அந்தத் துக்கம் ஆறுவதற்குள், ஆறே மாதத்தில், ஜூலை 16 அன்று கும்பகோணம். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். சத்துணவுக் கூடத்து நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. தீர்ப்பு வருவதற்குப் பத்து ஆண்டுகள் ஆயின. 2014-இல் தஞ்சாவூர் நீதிமன்றம் தண்டித்தவர்களில் பள்ளியை நடத்தியவர்கள் மட்டும் இல்லை, கல்வித் துறை அலுவலர்களும் இருந்தார்கள். போகாத பள்ளிக்குப் போனதாகவும், பார்க்காத கூரையைப் பார்த்ததாகவும் கையெழுத்துப் போடும் பழக்கத்தின் விலை அது. அந்தப் பழக்கம் இன்றும் ஒழிந்தபாடில்லை என்றுதான் நான் கத்துகிறேன்.

அதெல்லாம் பழைய கதை, இப்போது கீற்றுக் கொட்டகை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். 2024 செப்டம்பரில் மதுரையில் மகளிர் விடுதி ஒன்றில் விடியற்காலையில் குளிர்சாதனப் பெட்டி வெடித்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் தரைத்தளத்தில் தீப்பிடித்தது. புகை மேலே ஏறியது. குழந்தை உட்பட 6 பேர் இறந்தார்கள். லிப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை வெளியே தூக்கி வந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கீற்று இல்லை, ஓலை இல்லை, சிமென்ட் கட்டடம்தான். நெருப்பு உடம்பைத் தொடும் முன்பே புகை மூச்சை அடைத்துவிடும். அதனால்தான் படிக்கட்டுக்குக் கதவு வேண்டும், காற்று வெளியேற வழி வேண்டும், அடித்தளத்தில் சாமான் அடுக்கக் கூடாது என்று விதி எழுதியிருக்கிறார்கள். 2011-இல் கொல்கத்தாவின் அம்ரி மருத்துவமனையில் வண்டி நிறுத்த ஒதுக்கிய அடித்தளத்தைக் கிடங்காக்கி வைத்திருந்தார்கள். அங்கே கிளம்பிய புகை, படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகளை மூச்சுமுட்டிக் கொன்றது. டெல்லி உபகார் திரையரங்கில் 1997-இல் 59 பேர் இறந்தார்களே, அங்கே பால்கனியில் வெளியேறும் நடைவழியை அடைத்துக் கூடுதல் இருக்கை போட்டிருந்தார்கள். சில டிக்கெட் அதிகமாக விற்பதற்காக.

சூரத்தை மறக்கவே முடியாது. 2019 மே 24. வணிக வளாகத்தின் மேல்தளத்தில் பயிற்சி மையம். இறங்க வழியில்லாமல் பிள்ளைகள் ஜன்னல் வழியே குதித்ததை நாடே கைப்பேசியில் பார்த்தது. 22 மாணவர்கள் இறந்தார்கள். அதே குஜராத்தில், ஐந்து ஆண்டும் ஒரு நாளும் கழித்து, 2024 மே 25 அன்று ராஜ்கோட் விளையாட்டு அரங்கில் குழந்தைகள் உட்பட 27 பேர். அந்த அரங்குக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றே கிடையாது. வெளிப்படையாக டிக்கெட் விற்று நடத்திக்கொண்டிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்றது. சூரத்தைப் பார்த்த பிறகும் இந்த ஊரில் மூன்றாவது மாடியில், ஒற்றைப் படியில், பூட்டிய கதவோடு வகுப்பு நடக்கிறது என்றால் எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சான்று வாங்கியவர்களாவது ஒழுங்காக இருக்கிறார்களா? ஆய்வுக்கு வருகிற நாளில் தீயணைப்பான் பளபளவென்று சுவரில் தொங்கும், மணி அடிக்கும், படிக்கட்டு கழுவி விட்டதுபோல இருக்கும். அலுவலர் ஜீப் ஏறிய மறுநாளே ஆடித் தள்ளுபடிச் சரக்கு அவசரப் படியில் இறங்குகிறது. தீயணைப்பானில் கட்டிய அட்டையில் தேதி காலாவதியாகிப் பல ஆண்டு. மொட்டை மாடித் தொட்டியில் தீக்கென்று ஒதுக்கிய தண்ணீர் கழிப்பறைக்குப் போகிறது. 'வெளியே' என்று பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் நடிகை படம் போட்ட விளம்பரப் பலகை. 2017 மே 31 அன்று தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை ஒரு நாளுக்கு மேல் எரிந்ததே, அது அதிகாலையில் பற்றியதால் பிழைத்தோம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒவ்வொரு மாடியிலும் தோளோடு தோள் இடிக்கும் நேரத்தில் பற்றியிருந்தால்? நினைக்கவே கை நடுங்குகிறது.

தீயணைப்பு வீரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களே பாம்பு பிடிக்கப் போகிறார்கள், கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கப் போகிறார்கள், வெள்ளம் வந்தால் படகோடு போகிறார்கள். அதே நிலைய அலுவலர்தான் ஊரில் உள்ள கட்டடங்களையும் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும் என்றால் எப்படி முடியும்? ஆய்வுக்கென்றே தனி ஆட்களைப் போடாதது அரசின் குற்றம். சான்று இல்லாத கட்டடத்துக்கு மின் இணைப்பும் வரி ரசீதும் தொழில் உரிமமும் கொடுத்துக்கொண்டே இருப்பது உள்ளாட்சியின் குற்றம். செலவாகும் என்று புலம்புகிற கட்டட உரிமையாளர்களே, வரவேற்பறைக்கு இத்தாலியப் பளிங்கு போட மட்டும் காசு எங்கிருந்து வருகிறது? பின்கதவுப் பூட்டைக் கழற்ற எவ்வளவு செலவாகும்?

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். சான்றை வாசலில் மாட்டுங்கள். எந்தத் தேதி வரை செல்லும், எத்தனை பேரை உள்ளே விடலாம், எத்தனை படி திறந்திருக்க வேண்டும் என்று தமிழில், படிக்கிற அளவு பெரிய எழுத்தில். கோப்புக்குள் கிடக்கும் காகிதத்தால் மகளைச் சேர்க்க வந்த தகப்பனுக்கு என்ன பயன்? மாவட்டவாரியாகச் சான்று பெற்ற கட்டடங்களின் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி தீயணைப்புத் துறை வெளியிடட்டும். பட்டியலில் பெயர் இல்லாத மண்டபத்தில் யார் கல்யாணம் வைக்கிறார்கள் என்று பார்ப்போம்.

அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, எங்கள் ஊர்ப் பயிற்சி மையங்களில் எவற்றுக்குச் சான்று இருக்கிறது, எவற்றுக்கு இல்லை, கடைசியாக ஆய்வு செய்த தேதி என்ன என்று கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். வழக்கமாக 30 நாள் அவகாசம். ஆனால் ஒருவரின் உயிர் தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் ஏழாம் பிரிவு சொல்கிறது. மனுவின் முதல் வரியிலேயே அந்தப் பிரிவைக் குறிப்பிட்டிருக்கிறேன். பூட்டிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் விவரம் உயிர் தொடர்பானது இல்லை என்று எந்த அதிகாரியாவது பதில் எழுதினால், அந்தப் பதிலை அவர் கையெழுத்தோடு அப்படியே மேல்முறையீட்டில் வைப்பேன்.