துரு தின்ற குடை

போன சனிக்கிழமை மேட்ச் முடிந்து நானும் பையனும் லிவர்பூலின் பழைய கப்பல் துறையான பிராம்லி-மூர் டாக்கிலிருந்து வெளியே வந்தோம். எவர்டன் கால்பந்து அணியின் புது ஸ்டேடியம் அங்கேதான் இருக்கிறது. 52,000 பேருக்கு மேல் உட்காரும் இடம். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே சாலையில் இறங்கினால் எப்படி இருக்கும்? மழை வேறு. லிவர்பூல் மழை மேலிருந்து பெய்யாது, ஆற்றுப் பக்கமிருந்து வந்து முகத்தில் அறையும். ரயிலுக்கு சாண்ட்ஹில்ஸ் ஸ்டேஷன் வரை நடக்க வேண்டும். பாதி வழியில் பையன் கேட்டான்: "ஏம்ப்பா, இவ்வளவு பெரிய ஸ்டேடியம் கட்டினாங்களே, பக்கத்துலயே ஒரு ஸ்டேஷன் கட்டியிருக்கக் கூடாதா?"

"இருந்துச்சுடா. நெல்சன் டாக்னு பேரு. இதோ, இந்த ரோட்டுக்கு மேலேயே."

"அப்புறம்? யாரு இடிச்சா?"

ஈரச் சட்டையோடு நடந்துகொண்டே சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் இந்தப் பதிவு.

லிவர்பூல் ஓவர்ஹெட் ரயில்வே. உலகத்தில் மின்சாரத்தில் ஓடிய முதல் உயர்மட்ட ரயில் பாதை. 1893 பிப்ரவரியில் முன்னாள் பிரதமர் சாலிஸ்பரி பிரபு திறந்து வைத்தார், மார்ச் மாதத்தில் ஜனங்கள் ஏறினார்கள். சாலைக்கு மேலே சுமார் 16 அடி உயரத்தில், இரும்புத் தூண்கள் மீது, மெர்சி ஆற்றங்கரையின் கப்பல் துறைகளை ஒட்டி ஓடியது. பிறகு வடக்கே சீஃபோர்த் வரையும் தெற்கே டிங்கிள் வரையும் நீட்டினார்கள். மொத்தம் சுமார் 7 மைல். தானியங்கி சிக்னலும் அப்போதே வைத்துவிட்டார்கள். கட்டியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட். லண்டனில் பூமிக்கடியில் குடைந்து சுரங்க ரயில் விட்டவர், இங்கே வந்து ரயிலைத் தூக்கி மேலே வைத்தார்.

ஏன் மேலே வைக்க வேண்டியிருந்தது? கீழே இடமில்லை. டாக் ரோட்டில் சரக்கு ரயிலும் குதிரை வண்டியும் ஆட்களும் ஒன்றாகக் கிடந்தார்கள். சரக்கு ரயிலுக்கு முன்னால் ஒரு ஆள் கொடியோடு நடப்பார், அவர் நடக்கும் வேகம்தான் ரயிலின் வேகம். அதற்குள் பயணிகளுக்குக் குதிரை பஸ் ஒன்றும் ஓடியது. அதன் சக்கர ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். சரக்கு ரயிலின் தண்டவாளத்திலேயே ஏறி ஓடும், எதிரே சரக்கு ரயில் நின்றால் தண்டவாளத்தை விட்டு இறங்கிச் சுற்றிக்கொண்டு போய் மறுபடி ஏறிக்கொள்ளும். எவ்வளவு சமத்தான வண்டி! அந்தக் குதிரை பஸ்ஸின் பிழைப்பைக் கெடுத்தது யார்? நம்முடைய ஓவர்ஹெட்தான். பழசைப் புதுசு தின்பது ஓவர்ஹெட் நின்றுபோன 1956-ல் ஆரம்பித்த கதை இல்லை. அந்தக் குதிரை பஸ்ஸுக்காக நான் பதிவு போடவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

துறைகளைச் சுற்றி உயரமான கருங்கல் மதில் உண்டு. 19-ம் நூற்றாண்டில் ஜெஸ்ஸி ஹார்ட்லி என்ற டாக் பொறியாளர் எழுப்பிய மதில் இன்றும் நிற்கிறது. திருட்டைத் தடுக்கக் கட்டியது. ஆனால் அது ஊரையே வெளியே நிறுத்திவிட்டது. உலகத்தின் பாதிச் சரக்கு உன் வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது, உனக்குத் தெரிவது கல் மட்டும்தான். ஓவர்ஹெட்டில் ஏறினால்தான் மதிலுக்கு அந்தப் பக்கம் கண்ணில் படும். பாய்மரம், நீராவிக் கப்பல், பிறகு அட்லாண்டிக் தாண்டும் பெரிய லைனர்கள். வேலைக்குப் போகிறவன் போகிற போக்கில் பார்த்தான். வெளியூரிலிருந்து வந்தவர்கள் கப்பல் பார்ப்பதற்கென்றே டிக்கெட் வாங்கினார்கள். 1897-லேயே சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் கேமராக்காரர் ப்ரோமியோ இந்த ரயிலில் உட்கார்ந்து துறைகளைப் படம் பிடித்திருக்கிறார். கேமரா நகர, கப்பல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். இணையத்தில் தேடினால் கிடைக்கும்.

டாக் தொழிலாளர்கள் இதற்கு வைத்த பெயர் 'டாக்கர்களின் குடை'. டிக்கெட் வாங்காதவனுக்கும் பயன்பட்ட ரயில் இது. மழை வந்தால் அடியில் நடந்து போவான். அன்றன்றைக்கு ஆள் எடுக்கும் வேலை. காலையில் போய் நிற்க வேண்டும், பேர் கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் அடுத்த டாக்குக்கு ஓட வேண்டும். அந்த ஓட்டத்தை நனையாமல் ஓட உதவிய குடை.

அந்தக் குடைக்கும் கீழிருந்து ஒரு எதிரி இருந்தான். பாதையின் தளம் வளைத்த இரும்புத் தகடுகளால் ஆனது. மேலே மழை, பக்கத்தில் உப்புக் காற்று. கீழே துறைமுகச் சரக்கு ரயிலின் நீராவி என்ஜின்கள் அறுபது வருஷமாகப் புகையையும் ஆவியையும் அதே தகடுகளின் அடிவயிற்றில் ஊதிக்கொண்டே போயின. புகையே விடாத மின்சார ரயில், அடியில் ஓடிய என்ஜின் விட்ட புகையில் துருப்பிடித்தது! 1941 மே மாத ஜெர்மானியக் குண்டுவீச்சில் பலத்த அடி வாங்கியும் எழுந்து நின்று ஓடிய பாதை இது. குண்டை விட இந்தத் துருதான் பெரிய எதிரி.

1955-ல் ஆய்வு செய்து பார்த்தபோது தளத்தை மாற்ற ஏறக்குறைய 20 லட்சம் பவுண்டு ஆகும் என்று தெரிந்தது. கம்பெனியிடம் அவ்வளவு பணம் இல்லை. 1948-ல் பிரிட்டனின் பெரிய ரயில் கம்பெனிகளெல்லாம் அரசுடைமை ஆனபோது இது தனியார் கையிலேயே விடுபட்டிருந்தது. அன்றைக்கு விடுபட்டதைச் சிலர் சுதந்திரம் என்றுகூட நினைத்திருக்கலாம். நகராட்சியிடம் கேட்டார்கள், துறைமுக வாரியத்திடம் கேட்டார்கள். யாரும் பணம் தரவில்லை. 1956 டிசம்பர் 30 ராத்திரி இரண்டு முனைகளிலிருந்தும் கடைசி ரயில்கள் கூட்டத்தோடு கிளம்பின. அடுத்த வருஷமே இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பழைய ரயில் பிரியர்கள் இந்த இடத்தில் பஸ்ஸைத் திட்டுவார்கள். நானும் கொஞ்ச காலம் திட்டினேன். ஓவர்ஹெட்டுக்குப் பதிலாக வந்தது பஸ்தான். கீழே, அந்த நெரிசலான சாலையில், சரக்கு ரயிலுக்கும் லாரிக்கும் பின்னால் நின்று நின்று போகும் பஸ். எந்த நெரிசலிலிருந்து தப்பிக்க ரயிலை மேலே தூக்கினார்களோ, அதே நெரிசலில் பயணிகளைத் திரும்ப இறக்கி விட்டார்கள். ஓவர்ஹெட் நின்ற ஒன்பதாவது மாதம், 1957 செப்டம்பர் 14 அன்று, லிவர்பூலின் கடைசி டிராமும் ஓடி நின்றது. அந்தக் காலத்து நகரத்துக்கு நவீனம் என்றால் ரப்பர் டயர். சரி, அது அந்தக் காலத்து மயக்கம். மயங்கியது லிவர்பூல் மட்டும் இல்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால் பஸ் இதைக் கொல்லவில்லை. பாதை தனியாருடையது, நிலம் துறைமுக வாரியத்துடையது, ஏறுகிற ஜனம் நகரத்துடையது, துரு எல்லோருடையது. செலவு மட்டும் யாருடையதும் இல்லை என்று ஆகிவிட்டது. நஷ்டக் கணக்கில் கம்பெனியின் வரவு செலவு மட்டும்தான் ஏறியது. குடைக்கடியில் நடந்தவன் எந்தக் கணக்கிலும் வரவில்லை, அவன்தான் டிக்கெட்டே வாங்கவில்லையே.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமென்ட்டில் வந்து சொல்வீர்கள். 20 லட்சம் போட்டுத் தகட்டை மாற்றியிருந்தால் இன்று வரை ஓடியிருக்குமா? எனக்கே சந்தேகம்தான். கன்டெய்னர் வந்தது. நூறு பேர் செய்த வேலையை ஒரு கிரேன் செய்தது. சரக்கெல்லாம் வடக்கே சீஃபோர்த்துக்குப் போனது. 1972-ல் ஆல்பர்ட் டாக்கும் தெற்குத் துறைகளும் மூடப்பட்டன, சேறு நிரம்பிக் கிடந்தன. அந்த வருஷங்களில் ஓவர்ஹெட் ஓடியிருந்தால் காலிப் பெட்டிகள் பாழடைந்த துறைகளுக்கு மேல் போய் வந்துகொண்டிருக்கும். ஏதோ ஒரு அமைச்சர் 1956-ல் செய்ததையே 1974-ல் செய்திருப்பார்.

ஆகவே வண்டி போனதற்காக நான் அழவில்லை. வழி போனதற்காகத்தான் என் கோபம். ரயிலை நிறுத்துவது வேறு, 7 மைல் நீளத்துக்குத் தொடர்ச்சியாக இருந்த பாதையைத் தூண் தூணாக வெட்டிப் பழைய இரும்பாக விற்பது வேறு. நின்ற ரயிலைத் திரும்ப ஓட்டலாம், போன வழியைத் திரும்ப வாங்க முடியாது. இதே நகரம் 1977-ல் ஊருக்கடியில் சுரங்கம் குடைந்து நகர ரயிலான மெர்சி ரயிலுக்கு லூப் என்ற சுற்றுப் பாதை திறந்தது. அதாவது பணமும் இருந்தது, ரயில் மேல் நம்பிக்கையும் இருந்தது, இருபது வருஷம் தாமதமாக. ஆல்பர்ட் டாக் 1984-ல் மறுபடி உயிர் பெற்றது. 1988-ல் டேட் கலைக்கூடம் வந்தது. இன்றைக்கு வடக்கே வந்திருப்பது ஸ்டேடியம். ஊர் திரும்பவும் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது, ரயில் மட்டும் ஆற்றங்கரையில் இல்லை.

இதில் என்னை உண்மையிலேயே உறுத்துவது ஒன்று உண்டு. ஓவர்ஹெட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கம்பெனியின் சொந்த மின் நிலையத்திலிருந்து. அது இருந்த இடம் பிராம்லி-மூர் டாக். நிலக்கரியைக் கப்பலில் ஏற்றும் துறை என்பதால் கரி பக்கத்திலேயே கிடைத்தது. 7 மைல் ரயிலையும் ஓட்டிய மின்சாரம் பிறந்த இடத்தில்தான் 52,000 பேர் பந்தாட்டம் பார்த்துவிட்டு ரயிலைத் தேடி நடக்கிறோம்.

மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: லிவர்பூல் மியூசியத்தில் 1892-ல் செய்த ஒரு பெட்டி இருக்கிறது. மர இருக்கைகள், பித்தளைப் பிடிகள். நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓடாத பெட்டியின் ஜன்னலில் தெரிவது மியூசியத்தின் சுவர்தான். டிங்கிளில் பாறைக்குள் நுழைந்த சுரங்கத்தின் வாய் இன்னும் இருக்கிறது. உள்ளே இருந்த பழைய ஸ்டேஷனை வண்டி ரிப்பேர் செய்யும் இடமாக வைத்திருந்தார்கள், 2012-ல் சுரங்கத்தின் ஒரு பகுதி இடிந்து மேலே இருந்த வீடுகளைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.

எனக்குப் பிடித்தது வாப்பிங் டாக் பக்கம். அங்கே மதிலோடு மதிலாக ஓவர்ஹெட்டின் சில தூண்கள் அப்படியே நிற்கின்றன. தெரியாதவர்கள் ஏதோ பழைய குழாய் என்று நினைத்துப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்ததும் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். "இதுதான் நீ கேட்ட ஸ்டேஷனோட கால்" என்றேன். அவன் அண்ணாந்து பார்த்தான், மேலே ஒன்றும் இல்லை. பிறகு தூணைக் கையால் ஒரு தடவு தடவினான்.

"என்னப்பா இது, பிசுபிசுன்னு?"

"துரு."

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என் ஜாக்கெட்டில் துடைத்தான்.