சாட்சி வேளையில் எழுந்து நிற்க முடியாதவர்கள்

கடந்த டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பியபோது, சபையில் அம்மாவுக்காக எடுத்துவந்த வாக்குத்தத்த அட்டையை, அதாவது புது வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட அட்டையை, அவர்களிடம் கொடுத்தேன். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பிலிப்பியர் 4:13 அதில் அச்சிடப்பட்டிருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதத்தில் அம்மாவின் வலது கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் குழறிப்போனது. அட்டையை இடது கையில் வாங்கி, விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, எழுத்துக்கூட்டுவதுபோல் மெதுவாக வாசித்தார்கள். பிறகு என்னிடம், "பதினொண்ணுல இருந்து வாசி" என்றார்கள். முப்பது ஆண்டுகள் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதம் கற்றுக்கொடுத்தவர்கள் அல்லவா? ஒரு வசனத்தை அதன் முன்பின் இல்லாமல் வாசிக்க அவர்கள் எங்களை ஒருநாளும் விட்டதில்லை.

வாசித்தேன். "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன். தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்று தொடங்கி, திருப்தி, பட்டினி, பரிபூரணம், குறைவு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் அப்போஸ்தலனாகிய பவுல் அந்தப் பெலனைப் பற்றிப் பேசுகிறார். காவலில் கட்டப்பட்டிருந்த ஒருவர் எழுதிய நிருபம் அது. விலங்கு உடையும் என்று அந்த இடத்தில் அவர் சொல்லவில்லை. பட்டினியாய் இருக்கவும் பெலன் உண்டு என்கிறார். நாமோ முன்னிரண்டு வசனங்களையும் வெட்டிவிட்டு, தேர்வு, வேலை, வீடு, விசா ஆகியவற்றுக்கான வாக்காக அதை மாற்றி நாட்காட்டியில் தொங்கவிட்டிருக்கிறோம்.

கிறிஸ்துவின் வல்லமையைப் பற்றி நம் சபைகளில் பேசப்படும் விதம் என்னை நெடுநாளாக வருத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சபைமுன் சொல்லும் சாட்சி வேளை வந்தால் சுகமானவர்கள் எழுந்து நிற்கிறார்கள். கடன் தீர்ந்தவர்களும், பத்து வருடம் கழித்துப் பிள்ளை பெற்றவர்களும் நிற்கிறார்கள். அவர்களுடைய மகிழ்ச்சியில் நானும் மனதாரப் பங்குபெறுகிறேன். குடித்துக் குடும்பத்தை அழித்துக்கொண்டிருந்த ஒருவர் மனந்திரும்பிப் பிள்ளைகளோடு ஆலயத்துக்கு வருவதைக் கண்ணால் கண்டவன் நான். ஆனால் ஜெபித்தும் சுகமாகாதவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? அவர்களுக்கு அந்த வேளையில் பேச இடமே இல்லை. வருடக்கணக்காக இப்படி நடந்துவந்ததில், கஷ்டம் விலகிய வீட்டில்தான் கிறிஸ்து வல்லமையாய் இருக்கிறார் என்று யாரும் பிரசங்கிக்காமலேயே எல்லாரும் கற்றுக்கொண்டுவிட்டோம்.

இந்தப் பாடம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. அம்மா படுத்த முதல் வருடத்தில் ஜெபிக்க வந்த ஒருவர், கட்டில் அருகிலேயே நின்றுகொண்டு, "இந்த வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது, விசுவாசமும் போதவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பக்கவாதம் அவர்களுடைய கையை எடுத்துக்கொண்டது. அந்த வார்த்தையோ அதைவிட உள்ளே போய்த் தைத்தது.

அப்படிச் சொல்கிறவர்கள் பவுலை என்ன செய்யப்போகிறார்கள்? அவருடைய சரீரத்திலிருந்து கொண்டுபோன உறுமால்களால் வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே பவுல்தான், தம்மோடு பயணம்செய்த ஊழியர் ஒருவரைக் குறித்து, "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று இரண்டாம் தீமோத்தேயுவில் ஒரு காரணமும் சொல்லாமல் எழுதுகிறார். துரோப்பீமுவின் விசுவாசத்தை அவர் குறைசொல்லவில்லை. தம்முடைய மாம்சத்திலிருந்த முள் என்று அவர் சொன்ன வேதனைக்காகவும் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்பதே அவருக்குக் கிடைத்த பதில். அதன் பிறகுதான், "கிறிஸ்துவின் வல்லமை என்மேல் தங்கும்படி" என்று எழுதுகிறார். தமிழில் 'தங்கும்படி' என்று வந்திருக்கும் கிரேக்கச் சொல்லுக்குள் கூடாரம் என்ற சொல் இருக்கிறது: கூடாரமடித்துத் தங்குவது என்பது அதன் வேர்ப்பொருள். கூடாரம் பண்ணுகிற தொழில் செய்து பிழைத்தவர் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். முள் தைத்த இடத்திலேயே கிறிஸ்துவின் வல்லமை வந்து கூடாரம் போடுகிறது.

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் இதற்கு ஒரு சாட்சி உண்டு. அயர்லாந்திலிருந்து வந்து, 1901 முதல் டோனாவூரில் கோயில்களுக்கு விடப்பட்ட பெண்பிள்ளைகளையும் ஆதரவற்ற குழந்தைகளையும் சேர்த்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை இங்கே அறியாதவர்கள் குறைவு. ஓடியாடி உழைத்த அந்தக் காலத்தைத்தான் நாம் ஓய்வுநாள் பள்ளியில் கதையாகச் சொல்கிறோம். 1931 அக்டோபரில், 63 வயதில், ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. அதற்குப் பிறகு 1951 ஜனவரியில் கண்மூடும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே வலியோடு இருந்தார்கள். எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! உடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அந்த அறையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார்கள், கடிதங்கள் எழுதினார்கள், பிள்ளைகளை அழைத்துப் பேசினார்கள். அவர்கள் விருப்பப்படி கல்லறையில் கல் நடாமல், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் வைத்து, அதில் 'அம்மா' என்று பொறித்திருக்கிறார்கள். அந்த இருபது ஆண்டுகளை விசுவாசக் குறைவு என்று சொல்ல யாருக்காவது நா எழுமா?

வியாதி மட்டுமல்ல, இழப்பும் அப்படித்தான். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், ஜீப்பில் உறங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸ் அவர்களும் அவருடைய பிள்ளைகளான பிலிப்பு, தீமோத்தேயு என்ற இரண்டு சிறு பையன்களும் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே இரவில் இழந்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையார், கொலைசெய்தவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார்கள். சொன்னதோடு நிற்காமல், பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான பணியை விட்டுவிடாமல் மேலும் ஐந்து ஆண்டுகள் அங்கேயே இருந்து, கணவர் பெயரில் மருத்துவமனை எழும்பிய பிறகே 2004-இல் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினார்கள். இறந்தவர்கள் திரும்பி வரவில்லை. பவுல், "அவருடைய உயிர்த்தெழுதலின் வல்லமையையும், அவருடைய பாடுகளின் ஐக்கியத்தையும்" ஒரே மூச்சில் சொல்வதன் பொருள் எனக்கு அந்த அம்மையாரின் முகத்தைப் பார்த்துத்தான் விளங்கியது. நாம் முதல் பாதியை மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம்.

அப்படியானால் சுகத்துக்காக ஜெபிக்கவே கூடாதா என்று கேட்கலாம். நான் தினமும் ஜெபிக்கிறேன். காலையும் மாலையும் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்கிப் பயிற்சி கொடுக்கும்போதும் ஜெபித்துக்கொண்டேதான் செய்கிறேன். கர்த்தர் நாளைக்கே அந்தக் கையைத் தூக்கிவிட வல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் அதைச் செய்யும்வரை எங்கள் வீட்டில் அவர் வல்லமையற்றவராய் இருக்கிறார் என்பதை மட்டும் நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏனென்றால் மாதத்தில் ஒருமுறை அதை நான் கண்ணால் காண்கிறேன். குருவானவர் நற்கருணை கொடுக்க வீட்டுக்கு வருகிறபோது, அம்மா தலையில் முக்காடிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். உயிரில்லாத வலது கையை இடது கையால் தூக்கி, மடியின்மேல் வைத்து, சுருண்டிருக்கும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, அதன் அடியில் இடது கையை ஏந்துவார்கள். அதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். உதவி செய்ய ஒருமுறை கை நீட்டினேன். தலையை அசைத்து வேண்டாம் என்றார்கள். குருவானவர் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்த இரண்டு நிமிடமும் அறையில் ஒருவரும் பேசுவதில்லை.

சபையார் எல்லாரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கு முந்தின நாள் எங்கள் சபையில் சாட்சிக் கூட்டம் உண்டு. இந்த வருடம் அம்மாவுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கித் தரும்படி கேட்டிருக்கிறேன்; குருவானவரும் சரி என்றிருக்கிறார். எழுந்து நிற்க முடியாது, சக்கர நாற்காலியில்தான் கொண்டுபோக வேண்டும். பேச்சு குழறுவதால் பின்வரிசையில் இருப்பவர்களுக்குப் புரியாது. அம்மா சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்று நான் திருப்பிச் சொல்வதாக ஏற்பாடு. என்ன சொல்லப்போகிறார்கள் என்று கேட்டேன். "பதினொண்ணுல இருந்து பதிமூணு வரைக்கும்" என்றார்கள்.