பூச்சாடிக்கு அப்புறம்

இலங்கை மலையகத்தில், எங்கள் பக்கத்தில் படம் வரைகிற பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா என்று எந்தப் பக்கம் போனாலும் தேயிலைத் தோட்டப் பாடசாலைச் சுவரில் ஏதோ ஒரு பிள்ளையின் கைவண்ணம் இருக்கும். சாதாரண தரப் பரீட்சைக்கு அழகியல் பாடமாகச் சித்திரத்தை எடுக்கிறவர்களும் நிறையப் பேர். பூச்சாடியும் பழமும் வரைவார்கள், பொங்கல் காட்சி வரைவார்கள், நல்ல பெறுபேறும் எடுப்பார்கள். அதோடு சரி. அதற்கு அடுத்த உயர்தரத்தில் சித்திரத்துக்கு ஆசிரியர் இருக்கிற பாடசாலை எட்டுகிற தூரத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் வண்ணப்பெட்டி அலுமாரி மேலே போய்விடும். "நல்லா வரைஞ்சுக்கிட்டு இருந்தா" என்று வீட்டில் பேசுவார்கள். பதினாறு வயதுப் பிள்ளையைப் பற்றி முடிந்துபோன கதை மாதிரிப் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

நான் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. இப்போது சனிக்கிழமைகளில் கண்டியில் ஒரு கல்லூரியில் இடைநிலைச் சித்திர வகுப்புக்குப் போய் வருகிறேன். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று விடிவதற்கு முன்பே பஸ் ஏறுகிற பயணம். "இந்த வயசில எதுக்கு டீச்சர்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளுக்குத் தொடக்கம் கிடைக்கிறது. அதற்கு அடுத்த படிதான் இல்லை. நாற்றுமேடையில் கன்றை வளர்த்துவிட்டு மலையில் நடாமல் விடுகிற மாதிரி நாம் இந்தப் பிள்ளைகளை விட்டுவிடுகிறோம்.

அந்த அடுத்த படியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அடிப்படை வகுப்பில் கோடு, நிழல், உருளை, கனசதுரம் எல்லாம் படிப்போம். இடைநிலையில் பென்சில் அதேதான், தாள் அதேதான். ஆனால் முன்னால் இருப்பது உயிருள்ள ஆள். வகுப்பு எடுக்கிற சேர் முதலில் தருவது முப்பது விநாடி. அதற்குள் முகத்தை வரைய முடியாது, சட்டைப் பொத்தானை வரைய முடியாது. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் காலில் பாரம் நிற்கிறது, ஒரு பக்க இடுப்பு உயர்ந்தால் அந்தப் பக்கத் தோள் எப்படித் தாழ்கிறது என்பதை மட்டும்தான் பிடிக்க முடியும். அப்புறம் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், கடைசியில் அரை மணித்தியாலம். அவசரமாக வரைந்தவற்றில் இருக்கிற உயிர் ஆற அமர வரைந்ததில் செத்துப்போயிருப்பதைப் பார்க்கும்போதுதான், எதை முதலில் பார்க்க வேண்டும் என்பது புரிய ஆரம்பிக்கிறது.

அளவெடுப்பதும் அப்படித்தான். கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் முனைக்கும் பெருவிரல் நகத்துக்கும் நடுவில் தலையின் உயரத்தைப் பிடிக்க வேண்டும். நிற்கிற பெரிய ஆள் ஒருவர் ஏறக்குறைய ஏழு, ஏழரைத் தலை உயரம் இருப்பார். அதே ஆள் உட்கார்ந்து கையை நம் பக்கமாக நீட்டினால் எல்லாக் கணக்கும் மாறிவிடும். முன்கை நீளமானது என்று மனசு அடித்துச் சொல்லும். நாம் பார்க்கிற இடத்திலிருந்து அது ஒரு விரற்கடைதான், உள்ளங்கை அதைவிடப் பெரியது என்று பென்சில் காட்டும். பென்சில் சொல்வதை நம்பி வரைந்தால் கை தாளை விட்டு வெளியே வருகிற மாதிரி நிற்கும். தெரிந்ததை வரையாமல் கண்ணில் படுவதை வரையப் பழகுவது இங்கேதான். பூச்சாடியோடு நிறுத்திய பிள்ளைக்கு இது கிடைப்பதே இல்லை.

வீட்டுப் பயிற்சிக்கு என் அம்மாதான் உட்காருவார். பல வருடம் கொழுந்து எடுத்தவர், மலைக்குப் போவதை நிறுத்திக் கொஞ்சக் காலம் ஆகிறது. பின்னேரத் தேத்தண்ணிக்கு அப்புறம் வீட்டு முன் இஸ்தோப்பில் பலகையைப் போட்டு உட்காரச் சொல்வேன். முதல் பத்து நிமிடம் படம் பிடிக்கப் போகிற மாதிரி விறைப்பாக நிமிர்ந்து இருப்பார். "என்னத்த புள்ள இப்படி முறைச்சு முறைச்சுப் பாக்குற?" என்று சிரிப்பார். பிறகு மெதுவாக அந்த விறைப்பு இறங்கும். அப்போதுதான் அவருடைய உண்மையான இருப்பு வரும். கழுத்து தோளிலிருந்து நேராக மேலே போகவில்லை, முன்னால் போய்ப் பிறகுதான் தலையைத் தாங்குகிறது. வலது தோள் இடதைவிடக் கீழே கிடக்கிறது. தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடத்தை ஒரு வடிவமாக நினைத்து வரை என்று சேர் சொல்லித் தந்திருந்தார். அப்படி வரைந்தபோது அந்த இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் வந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற எந்தப் புகைப்படத்திலும் இது தெரியாது. கமராவுக்கு முன்னால் அம்மா நிமிர்ந்துவிடுவார். அரை மணித்தியாலம் நிமிர்ந்து இருக்க யாராலும் முடியாது.

வரைந்ததைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "கூடை இழுத்த இழுப்பு அது. தலைக்கயிறு இந்தப் பக்கமாத்தான் விழும்" என்று கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். அதுவரைக்கும் நான் அவரிடம் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

இப்போது நம்மைப் பற்றி வருகிற படங்களை யோசித்துப் பாருங்கள். தேயிலைப் பெட்டியில், கலண்டரில், ஹோட்டல் சுவரில் ஒரே பெண். பளிச்சென்று சேலை, பல் தெரியச் சிரிப்பு, முதுகில் பாரமே இல்லாத கூடை, நேரான கழுத்து. இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்கு இருக்காது, கொழுந்து மட்டம் பார்க்கிற மட்டக்கம்பு கையில் இருக்காது. வரைந்தவர் பொய் சொல்ல வேண்டும் என்று வரைந்திருக்க மாட்டார். கொழுந்து எடுக்கிற ஒருவரை அரை மணித்தியாலம் பார்த்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875 இல் இலங்கைக்கு வந்தார். 1879 இல் டிக்கோயாப் பக்கத்தில் இறந்தார். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில்தான் அவருடைய கல்லறை இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் படம் பிடித்த கவிஞர் டெனிசனுக்கும் விஞ்ஞானி டார்வினுக்கும் படத்தில் பெயர் உண்டு. இங்கே அவருடைய கமராவுக்கு முன்னால் நின்ற நம் ஆட்கள் பெரும்பாலும் பெயரில்லாமல்தான் நிற்கிறார்கள். அவருடைய கலையை நான் குறைத்துச் சொல்லவில்லை, அந்த முகங்களில் இருக்கிற வெளிச்சம் அசாத்தியமானது. ஆனால் நம் ஆட்கள் இங்கே வந்து இருநூறு வருடம் ஆனதை 2023 இல் மலையகம் 200 என்று நாடு முழுக்கப் பேசினோம். இவ்வளவு காலம் ஆகியும் நம் அம்மாக்களின் கழுத்தையும் கையையும் நாமே பார்த்து வரைந்தவை எத்தனை இருக்கின்றன? வரைய ஆசைப்பட்ட கை எத்தனை வீட்டில் பாதியில் நின்றிருக்கிறது? எனக்கு இது வெறும் பொழுதுபோக்குப் பிரச்சினை இல்லை.

சரி, செலவு. எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், நியாயமான கேள்வியும்கூட. பஸ் செலவைக் குறைக்க என்னிடம் வழி இல்லை. சாமான் செலவுக்கு இருக்கிறது. இடைநிலையில் அதிகம் பாவிப்பது கரி. கடையில் விற்கிற கரிக்குச்சி வில்லோ மரக்கிளையைக் காற்றுப்படாமல் சுட்டு எடுப்பது. நான் கவ்வாத்து மிலாறில், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்போது விழுகிற குச்சியில் செய்கிறேன். விரல் தடிப்பில் நேரான மிலாறாகப் பார்த்து, பட்டையை உரித்து, நன்றாகக் காயவிட்டு, பழைய பால்மா டின்னில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு சின்ன ஓட்டை போட்டு அடுப்புக்குள் வைக்க வேண்டும். ஓட்டை வழியாகப் புகை வரும். புகை நின்றதும் டின்னை வெளியே எடுத்து, ஓட்டையை அடைத்து, முழுக்க ஆறும் வரைக்கும் திறக்கக்கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் சாம்பலாகிவிடும். பதமாக வந்த குச்சி தாளில் மெத்தென்று ஓடும். அழிக்கப் பாணின் நடுப்பகுதியைப் பிசைந்து ஒற்றினால் போதும், அந்தக் காலத்து ஓவியர்கள் செய்ததும் அதுதான்.

தாளுக்குக் கொப்பிக்கு உறை போடுகிற பிரவுன் பேப்பர். சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நிறமுள்ள தாளில் வரைவது இடைநிலை வகுப்பில் ஒரு தனிப் பாடம். தாளின் பழுப்பு நிறமே நடுத்தர நிழலாகிவிடும். இருட்டுக்குக் கரி, வெளிச்சம் படுகிற இடத்துக்கு மட்டும் வெள்ளைச் சோக்கட்டி. வெள்ளைத் தாளில் ஒரு மணித்தியாலம் நிழல் தீட்டிக் கிடைக்காத உருட்சி இதில் சீக்கிரம் வந்துவிடும். நம் ஆட்களின் தோல் நிறத்துக்கும் அந்தத் தாள் அவ்வளவு பொருந்தும். அம்மாவின் கையை அதில்தான் வரைந்தேன். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் கொழுந்துக் கறை ஏறி நிரந்தரமாகிப்போன வெடிப்புகளுக்குக் கரியின் கூரான முனை, நகத்தின் மேல் ஒரே ஒரு சோக்குப் புள்ளி.

தூரத்தை வரையவும் நம் ஊரைவிட நல்ல வகுப்பறை கிடையாது. காற்றிலிருக்கிற ஈரமும் தூசியும் ஒளியைச் சிதறடிப்பதால் தூரத்து மலை வெளிறித் தெரியும், அதன் இருட்டு நம் கண்ணுக்கு வந்து சேருவதற்குள் கலைந்துவிடும். இதைப் புத்தகத்தில் படித்து விளங்கிக்கொள்ள எவ்வளவோ பேர் கஷ்டப்படுகிறார்கள். மஸ்கெலியாவில் ஒரு பிள்ளைக்குக் காலையில் கதவைத் திறந்தால் போதும். முன்னால் தேயிலைச் செடி கறுப்பு, அதற்குப் பின்னால் சவுக்கு மரம் கொஞ்சம் வெளிறி, அதற்கும் பின்னால் சிவனொளிபாதமலை வானத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். அதை எந்த அளவுக்கு அழுத்தி வரைய வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஒரு ஆள் வேண்டும்.

"ஜோர்ஜ் கீற் எந்தக் கல்லூரியில் சித்திரம் படித்தார்?" என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான், 1901 இல் கண்டியில் பிறந்த ஓவியர் கீற் தானாகவே கற்றவர். நம் நாட்டு நவீன ஓவியர்கள் 1943 இல் ஆரம்பித்த '43 குழுவில் அவருடைய கோடு போலத் துணிச்சலான கோடு குறைவு. ஆனால் அவர் திரித்துவக் கல்லூரியில் படித்தவர், கையெட்டும் தூரத்தில் புத்தகங்கள் இருந்தன, புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் மாதிரி தூக்கிவிட ஆட்கள் இருந்தார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில், ஒரே மேசையில் தம்பியும் தங்கச்சியும் கொப்பி விரித்து எழுதுகிற இடத்தில், ஒரு பிள்ளை தானாகவே கற்று மேலே வரட்டும் என்று நாம் சொல்வது நியாயமில்லை. கீற்றுக்குக் கிடைத்த சூழலில் ஒரு பங்கையாவது அந்தப் பிள்ளைக்கு ஒரு வகுப்பு தரும்.

வேலை கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். கட்டடப் படம், துணி வடிவமைப்பு, அனிமேஷன், புத்தகச் சித்திரம் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தப் பயிற்சிதான் இருக்கிறது. மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு கதைப்புத்தகம் போட்டால் அதில் லயத்தையும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையையும் கொழுந்து நிறுக்கிற மடுவத்தையும் பார்த்து வளர்ந்த கை வரைய வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ சனி ஞாயிறில் தமிழில் ஒரு இடைநிலை வகுப்பு நடத்த முடியும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சித்திரம் படித்துவிட்டு வந்த நம் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள், வேறு பாடம் படிப்பித்துக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். அதிபர்மார் பின்னேரத்தில் ஒரு வகுப்பறையைத் திறந்து தாருங்கள். அம்மா அப்பாமார், கணக்கு டியூஷனுக்கு ஒதுக்குகிற நேரத்தில் கொஞ்சம் இதற்கும் ஒதுக்குங்கள், பிள்ளைக்கு முன்னால் அரை மணித்தியாலம் ஆடாமல் உட்காருங்கள்.

நான் என் பங்குக்கு வருகிற பாடசாலை விடுமுறையில் எங்கள் தோட்டத்து வாசகசாலையில் உட்காரலாம் என்று இருக்கிறேன். சாதாரண தரம் முடித்த பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் வரலாம், காசு வேண்டாம். எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்லித் தருவேன், தெரியாததைச் சனிக்கிழமை சேரிடம் கேட்டு வருவேன். பக்கத்தில் கவ்வாத்து வெட்டின மலை இருந்தால் வரும்போது காய்ந்த மிலாறு கொஞ்சம் கொண்டுவாருங்கள். பால்மா டின் என்னிடம் இருக்கிறது.